சச்சிதானந்தன் கொண்டுவந்த பழச்சாறு

சச்சிதானந்தன் பழச்சாறு கொம்பனியில் கெமிஸ்ட் என்றுதான் சிட்னியின் பிளாக்டவுன் தமிழ்ச் சனம் நம்பியிருந்தது. எழுபதுகளின் நடுவில் சனம் என்று சொல்ல ஏழெட்டு வீடுதான் இருந்தது. அந்த ஏழெட்டு வீட்டிலும் மனிசன் கூசாமல் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் வேலை செய்தது சிட்னிக்கு வடக்கே, ஹன்டர் பள்ளத்தாக்கில், பொக்கோல்பின் என்ற இடத்து வைன் ஆலையில்.

திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத சைவப்பழம் அவர். வைனை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவாரே தவிர, ஒரு சொட்டும் விழுங்கமாட்டார். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? ஆனால் அந்த ஊர் ஷிராஸ் என்ற கருந்திராட்சையைப் பற்றி அவருக்கு உள்ளூரப் பெருமை. அறுவடை நேரம் பார்த்து மழை வரும் ஊர் அது. பயந்து பயந்துதான் பழம் பறிப்பார்கள். அதில் வரும் சிவப்பு வைன் முரடாக இராது. மெலிவாக, மண் வாசனையோடு, பல வருஷம் கிடந்துதான் தன் குணத்தைக் காட்டும். இதையெல்லாம் மனைவி யோகாவிடம் மட்டும் சொல்வார். அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

கோயில் இல்லாத காலம். அந்த வருஷத் தைப்பூசம், சனத்துக்குள் மூத்தவரான கணேசலிங்கத்தார் வீட்டில், சின்ன வெண்கல முருகனுக்கு அபிஷேகத்தோடு நடந்தது.

"தம்பி, உம்மட கொம்பனிச் சாறு கொஞ்சம் அபிஷேகத்துக்குக் கொண்டு வாரும்" என்று கணேசலிங்கத்தார் முதலே கேட்டிருந்தார்.

"ஓம் அண்ணை" என்பதைத் தவிரப் பொய்யருக்கு வேறென்ன வழி? வெள்ளிக்கிழமை நசுக்கிய ஷிராஸ் சாற்றை ஒரு பிளாஸ்டிக் கானில் பிடித்துக் காரில் வைத்தார். சனி பின்னேரம்தான் பூசை. ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று, படித்த கெமிஸ்ட்டே நினைத்தார். சிட்னி வெயில் அப்படி நினைக்கவில்லை.

மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று நுரை பொங்கியது. "புதுச் சாறு, அதுதான் நுரைக்குது" என்று கணேசலிங்கத்தார் முருகனின் தலையில் ஊற்றினார். மணந்த உடனேயே, சாறு புளித்து வைனாகத் தொடங்கிவிட்டது என்று சச்சிதானந்தனுக்கு விளங்கிவிட்டது. வாய் திறந்தால் குட்டு வெளிப்படும். அங்கே நின்றவர்களில் குடித்துப் பழகிய ஆண்கள் இரண்டு பேருக்கும் மணம் பிடிபட்டது, ஆனால் மனைவிமாருக்கு முன்னால் மூச்சுக் காட்டவில்லை.

வழித்தெடுத்த சாற்றை எல்லோருக்கும் தீர்த்தமாகக் கொடுத்துவந்தார்கள். வரிசையில் மகேந்திரராஜாவும் கையேந்தி நின்றார். குடியால் வேலையைத் தொலைத்தவர். மனைவி ரஞ்சினி பெட்டி கட்டிய அன்று, இதே முருகனுக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர். ஆறு மாதமாகத் தொடவில்லை. 'அண்ணை, வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சச்சிதானந்தன் சொல்லவில்லை.

மகேந்திரராஜா கண்ணை மூடிக் குடித்தார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் பின்வளவுக்குப் போனார். சச்சிதானந்தன் பின்னாலேயே ஓடினார். மகேந்திரராஜா படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

"தம்பி, சாமியின்ர தீர்த்தமும் எனக்குக் குடியாத்தான் ருசிக்குது. எல்லாரும் பேசாமல் குடிக்கினம், எனக்கு மட்டும் இப்பிடி. நாக்கிலயே ஊறிப்போச்சு. நான் திருந்தமாட்டன்."

அதற்கு மேல் சச்சிதானந்தனால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, உங்களில பிழையில்லை. அது புளிச்சுப்போன சாறு, வைன் மாதிரித்தான். நான் வேலை செய்யிறதே வைன் ஆலையில."

அடி விழும் என்று நினைத்தார். விழுந்தாலும் நல்லது என்றிருந்தது.

மகேந்திரராஜா கண்ணைத் துடைத்தார். "அப்ப என்ர நாக்குச் சரிதான்?"

"சரிதான் அண்ணை."

அவர் முகம் தெளிந்தது. பிறகு வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்து, குரலைத் தணித்தார்.

"கானில மிச்சம் இருக்கோ தம்பி?"

சச்சிதானந்தன் எழுந்து ஓடிப்போய்க் கானைத் தூக்கிக் குசினிச் சிங்க்கில் கவிழ்த்தார். ஏன் ஊற்றுகிறீர் என்று பெண்கள் சத்தம்போட்டார்கள். மகேந்திரராஜா குசினி வாசலில் வந்து நின்று, கடைசிச் சொட்டு இறங்கும்வரை சிங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.