கால் ஃபிட்டர் அடிக்காத பந்து

கோலார் தங்க வயலுக்கு மின்சார விளக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. நான் வேலூரில் படிப்பை முடித்த கையோடு ரயிலேறி, பவுரிங்பேட்டையில் வண்டி மாறி, கோரமண்டலில் இறங்கி, ஒரு சுரங்கத்தின் ஸ்டோரில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியாத சுபாவம் எனக்கு. திருகாணியும் மெழுகுவத்தியும் எடுத்துக் கொடுக்கிற வேலை காலையிலேயே அலுத்துவிடும். அதனால் யாரும் கேட்காமலே எங்கள் சுரங்கத்துக் கால்பந்தாட்டக் குழுவுக்கு நானே காரியதரிசி ஆகிவிட்டேன். பந்துக்குக் காற்றடிப்பது, தோல்வாரை இழுத்துக் கட்டுவது, கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பது, துரைமாரிடம் இங்கிலீஷில் பேசுவது எல்லாம் என் பொறுப்பு.

சுரங்கத்துக்குள் இறங்குகிற செங்குத்துக் குழியான எங்கள் ஷாஃப்டின் வாயில் மணி அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். வலது முட்டி மடங்காது. ஊரே அவரைக் 'கால் ஃபிட்டர்' என்றுதான் கூப்பிடும். காரணம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மலைப்பு வந்தது. பெங்களூர் கண்டோன்மெண்டில் சோல்ஜர்களோடு ஆடிக்கொண்டிருந்த இந்த மனிதரை, எங்கள் சுரங்கத்துத் துரை ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டு, கையோடு அழைத்து வந்தாராம். ஃபிட்டர் என்று பெயர் எழுதி, ஃபிட்டர் சம்பளமும் ஃபிட்டர் வீடும் கொடுத்தாராம். ஆனால் அவர் ஸ்பானரைத் தொட்டதே இல்லை. பந்து ஆடுவதுதான் வேலை. நிஜ ஃபிட்டர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பேர்தான் கால் ஃபிட்டர். அவரோ அந்தப் பேரைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டார்.

வெறுங்காலால் அவர் அடித்த பந்து துரைமார் கூடாரக் கயிற்றை அறுத்து, உள்ளே துரைசானி கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டதாம். இந்தக் கதையை எனக்கு ஐந்தாறு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கதையிலும் கோப்பை வேறு வேறு நிறம். மதராஸ் வரை போய் ஆடியிருக்க வேண்டிய ஆள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரல்.

அப்புறம் ஒரு நாள் சரளைத் தரையில் முட்டி திருகிக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். மறு வருஷம் பாதி வேகத்தில் ஆடினார். தோளில் தூக்கிய ஜனங்களே "நொண்டி மாட்டைக் கொட்டாயில கட்டுங்கடா!" என்று கூவினார்கள். மூன்றாம் வருஷம் குழுவில் பேரில்லை. ஃபிட்டர் சம்பளம் போயிற்று, வீடு போயிற்று. மூங்கில் தட்டிக் குடிசைகள் வரிசையாக நிற்கும் லைனில் கடைசிக் குடிசைக்கு வந்தார். வேறு ஆளாக இருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பார், இல்லை, சாராயக் கடையில் கிடந்திருப்பார். இவர் நேரே போய் ஷாஃப்டில் மணிக்காரர் வேலை கேட்டு வாங்கினார். நின்றுகொண்டே செய்யும் வேலை, முட்டி மடங்க வேண்டியதில்லை என்று சிரிப்பாராம்.

வேலை என்னவோ நின்றுகொண்டு செய்வதுதான். ஆனால் கீழே இருக்கிற அத்தனை பேர் உயிரும் அந்தக் கையில் இருக்கிறது. பூமிக்கு அடியில் ஒவ்வொரு லெவலிலிருந்தும் கம்பியை இழுத்து மேலே மணி அடிப்பார்கள். ஆளை ஏற்ற இத்தனை, இறக்க இத்தனை, நிறுத்த ஒன்று என்று கணக்கு. மணிக்காரர் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, ஆட்கள் போய்வரும் கூண்டைக் கயிற்றில் ஏற்றி இறக்கும் இஞ்சின் டிரைவருக்கு மணி அடித்துச் சொல்ல வேண்டும். டிரைவருக்குக் கூண்டு கண்ணில் படாது. மணிதான் அவருக்குக் கண்.

அந்த வருஷத்துப் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரம் எங்கள் இடது பக்க ஆட்டக்காரன் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டான். எதிரி, பக்கத்துச் சுரங்கம். தலை போகிற மானப் பிரச்சினை. நான் துரையிடம் ஓடினேன். கால் ஃபிட்டரை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள் என்று இங்கிலீஷில் மன்றாடினேன். துரை சுருட்டைக் கடித்துக்கொண்டே, "ஆடட்டும். ஜெயித்துக் கொடுத்தால் பழைய சம்பளம், பழைய வீடு, இரண்டும் அவனுக்கு" என்றார்.

நான் ஒரே ஓட்டமாக ஷாஃப்டுக்குப் போய், மூச்சு வாங்க, "அண்ணே!" என்றேன். அவர் திரும்பவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் என் பக்கம் உயர்த்திக் காட்டினார். கூண்டு மேலே வந்து, கதவு திறந்து, கடைசி ஆள் இறங்கி நடந்த பிறகுதான் முகத்தைத் திருப்பினார்.

"கூண்டு வரும்போது பேசக் கூடாது தம்பி. இன்னா சேதி?"

சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தன் முட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"வூட்ல கேக்கணும்" என்றார்.

குடிசையில் அவர் மனைவி ஆமணக்கு இலையை வாட்டி அந்த முட்டியில் கட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நீதான் அந்த ஸ்டோர் குமாஸ்தாவா? உன் காலு நல்லாத்தானே கீது, நீ போய் ஆடேன்."

"எனக்குப் பந்து பின்னாலதான் அக்கா ஓடத் தெரியும்."

"இவுருக்கு மட்டும் இன்னா, பந்து வூடு தேடி வருமா?" என்றவர்கள், முடிச்சை இறுக்கிவிட்டு, தாழ்ந்த குரலில் அவரிடம் சொன்னார்கள்: "மழைக்கு இந்தத் தட்டி தாங்காது. ஆடிட்டு வா."

சனிக்கிழமை சாயங்காலம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டுச் சரிவு முழுக்க ஜனம். வேர்க்கடலைக் கூடைகள், குழந்தைகள், தமிழும் தெலுங்கும் கன்னடமுமாக வசவுகள். துரைமார் கூடாரத்தில் நாற்காலிகள். மணி வேலைக்குப் புதிதாகப் பழகிய பையன் ஒருவனை நிறுத்திவிட்டு, அவனிடம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, கால் ஃபிட்டர் மைதானத்தில் இறங்கினார்.

முதல் பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்து அவரைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. எதிரிப் பக்கத்துத் தடுப்புக்காரன் ஒருவன், "இன்னா மேஸ்திரி, மணி அடிச்சாத்தான் நகருவீங்களா?" என்று கேட்க, மண்மேடே சிரித்தது. அவரும் சிரித்தார். எங்களுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. ஆளை மாற்றவும் வழியில்லை. இறங்கிய பதினொரு பேர்தான் கடைசி வரை.

இரண்டாவது பாதியில் அவர் ஓடுவதையே விட்டுவிட்டார். இடது ஓரத்தில் கொக்கு மாதிரி நின்றார். நொண்டிதானே என்று அவரைக் காவல் காப்பதையும் எதிரிகள் விட்டார்கள். அங்கேதான் ஏமாந்தார்கள். உயரத்திலிருந்து வந்த ஒரு பந்தை, மடங்காத அந்தக் காலின் வெளிப்பக்கத்தால் சும்மா தொட்டார். அது இரண்டு ஆட்களைச் சுற்றி வளைந்து போய், எங்கள் நடு ஆட்டக்காரன் காலடியில் நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்தது, அவன் உள்ளே தள்ளினான். கோல்! கேட்டுக் கேட்டுப் பாதி நம்பி, பாதி நம்பாமல் இருந்த அத்தனை கதைகளும் அந்த ஒரு நொடியில் எனக்கு நிஜமாகிவிட்டன. கோப்பைக் கதைகூட.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் போகிற சமயம். கோல் பக்கம் நகர்ந்து நின்ற அவரிடம் பந்து வந்தது. கேலி பேசிய அதே தடுப்புக்காரன் பதற்றத்தில் அவர் காலைத் தட்டிவிட்டான், கோலுக்கு நேர் எதிரே. விசில். பெனால்டி!

மைதானம் கூத்தாடியது. எங்கள் ஆட்கள் பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்து, தையல் பக்கம் தன்னைப் பார்க்காதபடி திருப்பினார். பின்னால் நகர்ந்தார். எனக்குப் பழைய வீட்டின் ஓட்டுக்கூரையே கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் பூமி இடித்தது.

எங்கள் ஊரில் அதை 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். கீழே தோண்டிய இடத்தில் பாறை நெரிந்து வெடிக்கும். சின்னதாக வந்தால், நடக்கிறவன் நடையை நிறுத்தமாட்டான். இது அப்படி இல்லை. உள்ளங்கால் வழியாகப் பல் வரைக்கும் ஏறியது. கூடாரத்தில் கோப்பைகள் கலகலத்தன. மண்மேட்டிலிருந்து ஒரு சரிவு புழுதியாக இறங்கியது. எதிரிப் பக்கத்தில் கோல் காத்து நின்ற கோலி தரையில் கை ஊன்றி உட்கார்ந்துவிட்டான்.

கால் ஃபிட்டர் தலையைச் சாய்த்து நின்றார். சங்கு ஊதியது. நிற்காமல் ஊதியது. எங்கள் சுரங்கத்து ஆபத்துச் சங்கு.

அவர் பந்தை விட்டுத் திரும்பினார்.

நான் கோட்டைத் தாண்டி ஓடி, அவர் எதிரே போய் நின்றேன். இன்றைக்கும் அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இருக்கிறது. "அண்ணே, அடிச்சிட்டுப் போங்கண்ணே! ஒரு நிமிஷம்தானே! வூடுண்ணே, வூடு!"

அவர் கோபப்படவில்லை. நெஞ்சில் கை வைத்து என்னை ஓரமாக நகர்த்தினார்.

"அந்தப் பையன் தனியா கீறான். வழி உடு தம்பி."

பிறகு ஓடினார். ஆட்டம் முழுக்க ஓடாத மனிதர் ஓடினார். மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசி வீசி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஜனத்தைப் பிளந்துகொண்டு, ஷாஃப்டு வரை ஓடினார். நல்ல கால் இரண்டு இருந்தும் என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே மணிகள் வெறி பிடித்தது போல அடித்துக்கொண்டிருந்தன. எல்லா லெவலிலிருந்தும் ஒரே சமயத்தில் இழுக்கிறார்கள். எது எந்த லெவல், எது ஏற்ற, எது நிறுத்த, ஒன்றும் புரியாமல் அந்தப் பையன் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றான். தப்பாக ஒரு மணி போதும், ஒருவன் ஏறிக்கொண்டிருக்கும்போதே கூண்டு கிளம்பிவிடும்.

அவர் பையனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தார். "நீ கதவைப் பாரு. அது போதும்" என்றார். டிரைவருக்கு நிறுத்தச் சொல்லி ஒரே ஒரு மணி அடித்தார். கீழே உள்ள எல்லா லெவலுக்கும் அதே ஒரு மணி. மறுபடி. மறுபடி. அந்த ஒற்றை மணியைக் கேட்டுக் கேட்டு, கீழே இருந்தவர்களின் கை மெல்ல அடங்கியது. மேலே ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஆழத்து லெவலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கூண்டை மெதுவாக, மிக மெதுவாக, கயிற்றின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஏற்றச் சொன்னார்.

கூண்டு வந்தது. கதவு திறந்தது. புழுதியில் வெளுத்த முகங்கள். வேலிக்கு வெளியே பெண்கள் பெயர் சொல்லி அலறினார்கள். உள்ளே இருந்து பதில் வந்தால் அலறல் அழுகையாக மாறும். இப்படியே ஒவ்வொரு கூண்டாக. முட்டி குடத்தின் அளவுக்கு வீங்கிவிட்டது. அவர் மனைவி வந்து அவர் முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்து நின்றார்கள். கடைசி ஆள் இறங்கும் வரை அந்தத் தோள் நகரவில்லை. ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. சிலருக்கு மண்டையில் காயம். சாவு இல்லை.

கடைசியில் அந்த அம்மா சொன்னது இதுதான்: "பந்துக்கு ஓடாத காலு கூண்டுக்கு மட்டும் ஓடுது பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. அந்த முட்டி அன்றோடு போயிற்று. ஆட்டம் சமன் என்று எழுதிவிட்டார்கள். "ஜெயித்தால்தானே வீடு என்று சொன்னேன், ஜெயிக்கவில்லையே" என்று துரை சொல்லிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. மேலிடத்துக்கு இங்கிலீஷில் மனு எழுதப் போகிறேன் என்று கால் ஃபிட்டரிடம் குதித்தேன்.

"இங்கிலீஷ்ல எழுதினா முட்டி மடங்குமாடா தம்பி?" என்று சிரித்தார். அந்த வருஷத்து மழைக்கு முன்பு, அன்று கூண்டில் ஏறி வந்தவர்கள் மூங்கிலும் கீற்றும் சுமந்து வந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அவர் குடிசையைப் பிரித்து வேய்ந்தார்கள். நானும் கீற்று எடுத்துக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து அந்த எதிரிச் சுரங்கத்துக் கோலி ஷாஃப்டுக்கே வந்துவிட்டான். நானும் அங்கே இருந்தேன். "மேஸ்திரி, தூக்கமே வரல. அன்னிக்கு எந்தப் பக்கம் அடிக்கிறதா இருந்தீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றான்.

கால் ஃபிட்டர் வாயைத் திறந்தார். கீழே மணி அடித்தது. அவர் திரும்பிக்கொண்டார். இடது உள்ளங்கை மட்டும் எங்கள் பக்கம் உயர்ந்தது. நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

இடமா வலமா என்று எங்கள் லைனில் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கோ, எந்த வேலையிலாவது அவசரப்பட்டு 'ஒரு நிமிஷம்தானே' என்று வாய்வரை வரும்போதெல்லாம், ஆளில்லாத மைதானத்தில் வெள்ளைப் புள்ளிமேல் அசையாமல் இருந்த அந்தப் பந்தும், மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நிதானமாக விழுந்துகொண்டிருந்த ஒற்றை மணியும்தான் ஞாபகம் வருகின்றன.