வெள்ளானூரில் ஒரு உடும்பு, ஒரு செம்போத்து, என் மச்சான்

போன ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளானூருக்குப் போனது ஒரு உடும்பைக் காப்பாற்ற. என் மனைவியின் தம்பி சேகர் அங்கே வீடு கட்டி நாட்டுக்கோழி வளர்க்கிறான். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பின்பக்கக் காலிமனைப் புதரில் வாழும் உடும்புதான் திருடன் என்று முடிவுகட்டி, மறுநாளே பொக்லைன் விட்டுப் புதரை வழித்துவிடப் போவதாகப் போன் செய்தான். உடும்பைத் தொட்டால் ஜெயில் என்றேன். தொடப்போவது புதரைத்தானே என்றான்.

சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், பத்து ரூபாய். அதோடு சுகம் முடிந்தது. ஆவடியில் ஷேர் ஆட்டோக்காரர், “குந்துண்ணா, இன்னும் ரெண்டே பேருதான்” என்று நாலு தடவை சொன்னார். ஏழெட்டு கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய். பாதி உடம்பு வெளியே தொங்கியதற்குத் தள்ளுபடி கிடையாது.

கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் உடும்பு வந்தது. நாக்கை நீட்டி நீட்டி, கோழிகளைத் தாண்டிப் போய், ஒரு நத்தையைத் தின்றுவிட்டு வெயில் காய்ந்தது. பிறகு செம்போத்து. செம்பழுப்பு இறக்கை, சிவந்த கண், அதே நிதான நடை. இரண்டுமே தரையில் நடந்து இரை தேடும். முட்டை, குஞ்சு, நத்தை எதையும் விடாது. பார்க்க லட்சணமாக இல்லாததுதான் உடும்பு செய்த குற்றம். செம்போத்து ஒரு கோழிக்குஞ்சைக் கவ்விக்கொண்டு புதருக்குள் புகுந்தது. அதை வீடியோவே எடுத்துவிட்டேன்.

சேகர் இரண்டு முறை பார்த்தான். “செம்போத்து கண்ணுல பட்டாலே நல்லது மாமா. அதப் போயி திருடன்றியே. உடும்பு வந்தாதான் ஊடு விளங்காது.”

தொண்டை வறளக் கத்தினேன். கண்ணெதிரே ஓடும் படத்தையே நம்பாதவனிடம் என்னதான் பேசுவது? வெறுத்துப்போய்ச் செருப்பை மாட்டினேன்.

“வழிச்சுப் போடு. செம்போத்துக் கூடும் அதே புதர்லதான் கீது” என்றேன்.

அவன் முகம் மாறியது. உடனே பொக்லைன்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான்.

வெள்ளானூர் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்; தண்ணீர் எடுத்துப்போங்கள். கோழி வளர்ப்பவர்கள் குஞ்சுகளை வலைக்கூண்டில் அடையுங்கள். யாரையும் திருத்தப் போகாதீர்கள்.

நேற்று சேகர் பேசினான். இன்னொரு குஞ்சு போய்விட்டதாம், உடும்பு வேலைதானாம். ஆனாலும் புதரில் கைவைக்க மனசு வரவில்லையாம். செம்போத்து குஞ்சு பொரித்திருக்கிறதாம், பாவம், அதுகளுக்கும் தீனி வேண்டுமே என்றான்.