ஒரு கையும் படாமல் கரையேற வேண்டும்: எங்கள் குப்பத்துக்கு ஏடிவி தேடிய கதை

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, பனி என்று எழுதி உங்களைப் பொறாமைப்பட வைத்திருக்கிறேன். இந்த முறை போனது மொத்தமே இருபத்தைந்து கிலோமீட்டர். அடையாறு, நந்தனம், தி.நகர், வேளச்சேரி, திரும்ப அடையாறு. சிரிக்காதீர்கள். நான் போன பயணங்களிலேயே அதிகம் பெருமைப்படுவது இதற்குத்தான்.

நான் பிறந்தது அடையாறு பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில். நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. என் அக்கா கஸ்தூரி இன்னும் கரையில்தான் இருக்கிறாள், மீன் விற்கிறாள். படகு வந்ததும் ஏலம் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைத் தலையில் வைத்து, இருநூறு மீட்டர் மணலில் நடந்து ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். போன மழைக்குப் பிறகு அவள் முட்டி ஒத்துழைக்க மறுத்துவிட்டது. இனி தலைச்சுமை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன் வியாபாரத்தை விட்டால் ஏதாவது அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்கும் வேலைதான். அக்கா பெருக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும்தான்.

அக்கா இருக்கும் மகளிர் குழு ஒரு ஏடிவி வாங்கலாம் என்று முடிவு செய்தது. தெரியாதவர்களுக்கு: நான்கு குண்டு டயர், பைக் மாதிரி கைப்பிடி, முன்னாலும் பின்னாலும் சுமை வைக்கக் கம்பித் தட்டு. ரிசார்ட்டில் பிள்ளைகள் ஓட்டுகிறார்களே, அந்த வண்டியின் உழைக்கிற அண்ணன். ஆனால் கரையில் வண்டி நிறுத்த ஊர்ப் பஞ்சாயத்து இடம் தர வேண்டும். தலைவர் ஏழுமலை மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தண்ணி ஓரத்துலேர்ந்து ரோடு வரிக்கும் சொமையோட போவணும். உங்க பொம்பளைங்கதான் ஓட்டணும். ஒரு ஆளு கை வெக்கக் கூடாது. போட்டுங்க கரைக்கு வர்ற நேரத்துல வண்டி சிக்கிக்கினா அல்லாரும் வேலைய உட்டுட்டு உங்கள தள்ளிக்கினு நிப்பமா?"

நியாயமான பேச்சுதான். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். காலை ஒன்பதரைக்கு அக்காவோடு குப்பத்திலிருந்து ஆட்டோ, நந்தனம் வரை ஐந்து கிலோமீட்டர், நூற்று ஐம்பது ரூபாய். விஷயத்தைக் கேட்ட ஆட்டோக்காரர், "மண்ல ஓட்றதுக்கு இன்னாத்துக்குக்கா தனி வண்டி, என் ஆட்டோவே போவும்" என்றார். அடுத்த நிமிடமே மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளத்தில் ஆட்டோ ஒரு குதி குதித்தது. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் கம்பெனி. பெயர் வேண்டாம், சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி போட்ட ஏசி ஷோரூம். எடை முந்நூற்று அறுபது கிலோ. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன. பின்பக்க மண் தரையில் செங்கல் போட்டு ஏற்றிக் காட்டினார்கள், உட்கார்ந்திருந்த அக்காவின் கொண்டைகூட அசையவில்லை. "சோபா மாரி கீதுடி" என்றாள். அதன் கனம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. படகுக்காரர்கள் வீட்டுப் புத்தி அது. எடை குறைந்த படகை அலை உருட்டும், கனமான படகு நிற்கும். "வெயிட்டு இருந்தாதான்டி நிக்கும்" என்று நந்தனத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். எனக்கும் அப்போது சரியென்றுதான் பட்டது.

அங்கிருந்து தி.நகர், இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோ எண்பது. துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்தில் பம்புசெட்டு, மருந்து தெளிக்கும் மிஷின் விற்கிற கடை. அங்கே நின்றது பச்சை. இருநூற்றுத் தொண்ணூறு கிலோ. பின்னால் ஒரே இரும்பு அச்சு, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் இன்னொன்றும் சேர்ந்து சாய்கிறது. சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டி வந்த அக்கா, "இடுப்பு எலும்ப எண்ணிப் பாத்துக்கலாம்" என்றாள். திரை, லைட்டு அலங்காரம் ஒன்றும் கிடையாது, முள் மீட்டர்தான். பேட்டரி போனால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று கடைக்காரர் இழுத்துக் காட்டினார். படகு எஞ்சினை அப்படித்தானே கிளப்புவோம், அந்த ஒரு விஷயத்துக்கு அக்கா தலையாட்டினாள். மற்றபடி முகம் சுளித்தாள்.

மதியம் சாப்பாடு ஆளுக்கு நூற்று இருபது. பிறகு வேளச்சேரிக்கு பஸ், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவு பூஜ்யம். ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அங்கே ஒரு ஐடிக்காரர், வெள்ளம் வந்தபோது பட்ட பாட்டில் வாங்கிய சாம்பல் நிற வண்டியை விற்கப் போவதாக விளம்பரம் கொடுத்திருந்தார். எடை முந்நூற்று இருபது. பவர் ஸ்டீயரிங், ஒரு விரலால் திருப்பலாம். கலர் திரை. மூன்றில் ஓட்ட சுகமானது இதுதான், சந்தேகமில்லை.

"உண்மைய சொல்லிடறேன்," என்றார் அவர். "போன மழையில தெருவுல தண்ணி நின்னப்போ இதுதான் எங்களுக்கு பஸ்ஸு. ஆனா அதுக்கப்புறம் இந்த ஸ்கிரீன் அப்பப்போ அணைஞ்சிடுது. அணைஞ்சா வண்டி நகராது. பார்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன், வந்தபாடில்லை."

மழைத்தண்ணீருக்கே இந்த நிலை. எங்களுடையது தினமும் உப்புத்தண்ணீர், ஒழுகும் ஐஸ். அக்கா அவருக்கு நன்றி சொல்லி, வாங்கிக் கொடுத்த ஜூஸையும் குடித்துவிட்டு எழுந்தாள். வீடு திரும்ப எட்டு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு.

ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பது வேறு, மணல் வேறு. சிவப்புக்காரர்களும் பச்சைக்காரரும் வண்டியைக் கரைக்கே கொண்டுவந்து காட்ட ஒப்புக்கொண்டார்கள். இந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டக்கூடாது என்பதால் இரண்டுமே மினி லாரியில் வந்து இறங்கின. அடுத்த திங்கள், காலை ஆறரை. எங்கள் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்த சின்ன டிரெய்லரில் நான்கு பெட்டி, ஐஸோடு. குழுப் பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம். ஏழுமலை மாமாவும் ஆண்களும் இன்னொரு பக்கம்.

சிவப்பில் அக்கா ஏறினாள். ஈர மணலில் அழகாகப் போனது. காய்ந்த மணல் தொடங்கியதும் திணறியது. சக்கரம் மெதுவானது. அவ்வளவுதான், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, எட்டுப் பேர் தோள் கொடுத்து "ஏய், ஏய், ஏய்" என்று தள்ளி ரோட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று தள்ளியவர் ஏழுமலை மாமா.

எங்கள் கரையின் பழக்கம் இது. மணலில் எது நின்றாலும் பக்கத்தில் இருப்பவன் கை வைப்பான். யாருடையது என்று கேட்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்துப் படகாக இருந்தாலும் தள்ளி முடித்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். யாரும் நினைத்துச் செய்வதில்லை.

"தலிவரே, நீதான வெக்கக் கூடாதுன்ன?" என்றாள் அக்கா.

மாமா தன் கையையே பார்த்தார். "செல்லாது, செல்லாது. மறுபடி ஓட்டு."

மறுபடி ஓட்டினாள். இந்த முறை யாரும் தொடவில்லை. சிவப்பு பாதி வழியில் அச்சு வரை புதைந்தது. அந்தக் கனம்தான் அதை இறக்கியது. அக்காவின் முகம் வாடிவிட்டது; இடுப்பை ஒடிக்கிற பச்சைதான் மிச்சம். அதுவும் போனால் வண்டி இல்லை, வண்டி இல்லையென்றால் கரையும் இல்லை.

பச்சை கிளம்பியது. காய்ந்த மணலிலும் போனது, குதித்துக் குதித்துப் போனது. ரோட்டுக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது சக்கரம் ஒரு இடத்தில் சுழன்றது. என் இரண்டு கையும் டிரெய்லரின் கம்பியில் இருந்தன. நான், ஆபீஸ் செருப்போடு, குனிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். எப்போது ஓடினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

"அடிப்பாவி!" அக்கா வண்டியை நிறுத்திவிட்டாள். "பதினஞ்சு வருசமா ஃபேனு கீழ குந்திக்கினு கீற, உனுக்கு இன்னாடி வந்துச்சு?"

திட்டு வாங்கினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். நான் இன்னும் இந்தக் கரைக்காரிதான்.

தூரத்தில் படகுகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. "கடசி தபா," என்றார் மாமா. "போட்டு வந்துட்ச்சின்னா நேரமில்ல." பிறகு தன் துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் கையைப் பின்னால் கட்டினார்கள். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஊரே கை கட்டி நின்று நான் பார்த்ததில்லை.

அக்கா பச்சையோடு வந்திருந்த கடைக்காரரிடம், "டயர்ல காத்த கொஞ்சம் எறக்கு நைனா" என்றாள். அவர் தயங்கினார், பிறகு இறக்கினார். டயர்கள் மணலில் அகலமாக உட்கார்ந்தன. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டாள், கிளம்பினாள். அதே இடத்தில் அதே சுழற்சி. மாமாவின் தோள் முன்னால் சாய்ந்தது, கை மட்டும் துண்டை விடவில்லை. அக்கா ஆக்சிலேட்டரை முறுக்கவில்லை. வந்த தடத்திலேயே நிதானமாக இரண்டடி பின்னால் போனாள், கொஞ்சம் இடது பக்கம் ஒடித்தாள், திரும்ப முன்னால் வந்தாள். வண்டி ஏறியது. மணல் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் சுமைக்குக் கை கொடுக்க யாருமே பின்னால் வராதது அன்றுதான்.

இதே மாதிரி வண்டி தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மணலுக்கு எடை குறைந்ததைப் பாருங்கள், ஷோரூம் சொகுசில் மயங்காதீர்கள். திரை உள்ள வண்டியை உப்புக்காற்றில் நம்ப வேண்டாம். வேலை முடிந்ததும் தினமும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் இடத்துக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் வருகிறார்கள். இடுப்பு வலிக்கு நாங்கள் சீட்டின் மேல் ரப்பர் மெத்தை போட்டிருக்கிறோம், பரவாயில்லை.

வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் இப்போது பச்சைக்கு இடம் இருக்கிறது. அக்காதான் ஓட்டுகிறாள், குழுவில் இன்னும் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஆனால் அந்தத் திங்கள் காலை, ரோட்டில் வண்டி நின்ற பிறகும் அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. எல்லோரும் கை கட்டியபடியே நின்றார்கள். ஏழுமலை மாமாதான் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"கஸ்தூரி, இப்போ கை வெக்கலாமா?"

"வா மாமா," என்றாள் அக்கா. "பொட்டி எறக்கணும்."