சம்பந்தி வீட்டில் எண்பத்தொரு டிகிரி

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். கோவையில் பிற்பகலிலிருந்தே தூறல். எங்கள் ஹாலில் இருபத்தைந்து டிகிரி. என் லேப்டாப்புக்குள் தொண்ணூற்றேழு.

பெங்களூரில் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் கேமில் லாரி ஓட்டுவோம். அவள் லாரி முன்னால், என்னுடையது பின்னால், ஹெட்போனில் அவளுடைய பள்ளிக்கூடக் கதைகள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் எனக்குக் கிடைப்பது. அன்று ஐந்தாவது கிலோமீட்டரிலேயே என் லாரி திக்கித் திக்கி நகர்ந்தது. சூடு எல்லையைத் தொட்டால் இந்த லேப்டாப் வெந்துபோகாமலிருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"அப்பிச்சி, உங்களுக்காக நின்னு நின்னு போரடிக்குது. நான் அப்பாருகூடப் போறேன்."

அப்பிச்சி நான், அம்மாவைப் பெற்ற தாத்தா. அப்பாரு என்றால் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. காரமடைக்காரர். மாப்பிள்ளைதான் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி லேப்டாப் வாங்கித் தந்தார். ஒரே மாதிரி என்று அவர் சொன்னதுதான். பெற்ற அப்பாவுக்கு ஒரு படி உசத்தியானதைக் கொடுத்திருக்க மாட்டாரா என்ன? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காரமடைக்குப் பஸ் ஏறினேன். கோயிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தேன். காபி வருவதற்குள் அவர் கேமைப் போட்டுக் காட்டினார். அரை மணி ஓடியும் எண்பத்தொரு டிகிரிதான். லாரி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

அணைத்ததும் லேப்டாப்பைத் திருப்பி மாடல் எண்ணைப் படித்தேன். என்னுடையதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, அடியில என்னத்தைத் தேடறீங்க?"

"உங்களுது அடியில சுத்தமா இருக்குதுங்களே. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கலீங்களா?"

"மேல மூடியில வெச்சனுங்க. நீங்க எங்க வெச்சீங்க?"

"அடியிலதானுங்க. மேல பளபளன்னு இருந்துது, கறையாயிருமேன்னு…"

"அடியிலயா! காத்துப் போற ஓட்டை மேலயா?"

"பட்டையும் போட்டனுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் சம்பந்தியம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார். "லேப்டாப்புக்கே பட்டை போட்டுப்போட்டாரு, அம்மணி!" என்று சம்பந்தி மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அவர் வீட்டுக் காபி எனக்குக் கசந்தது.

மறுநாள் காந்திபுரத்தில் ஒரு கடையில் பிரித்துப் பார்த்தார்கள். விபூதியும் சந்தனமும் தூசியோடு சேர்ந்து விசிறியில் அடையாக அப்பிக் கிடந்தன. சுத்தம் செய்து, சூட்டை வெளியே கடத்தும் பசையைப் புதிதாகத் தடவித் தந்தார்கள். அங்கேயே, இரண்டு விசிறி வைத்த ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினேன். அது சம்பந்தியிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு எழுபத்தெட்டு டிகிரி. சம்பந்தியைவிட மூன்று குறைவு. பேத்தி மூன்று லாரிகளையும் ஒன்றாக ஓட்ட வைத்தாள்.

"சூப்பர் அப்பிச்சி, நிக்காம வர்றீங்க! நீங்க நடுவுல வாங்க, அப்பாரு கடைசி."

பாலம் ஒன்றைத் தாண்டும்வரை சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அவள், "அப்பாரு, முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பதில் எட்டு நிமிடம் நீண்டது. எனக்கும் இரண்டு முழங்கால் இருக்கிறது, கேட்பாரில்லை.

சுத்தம் செய்ய 1,200, ஸ்டாண்டு 1,950, காரமடைக்குப் போக வர பஸ் 64. ஆக மொத்தம் 3,214 ரூபாய்.