ஓரத்தில் எழுதிய இணைப்புச் சொற்கள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, கம்பெனிக்குப் போகிறவர்களோடு ஷேர் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் வாரத்துக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர் புதிதாக முளைத்திருக்கும். அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே உறைத்ததில்லை. ரயில், வகுப்பு, சமையல், தூக்கம். இந்த லட்சணத்தில் பிஎச்.டி. ஆராய்ச்சி வேறு.

முதலாண்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு வாக்கியம் ஏன் அடுத்த வாக்கியத்தோடு ஒட்டுவதில்லை என்பதுதான் என் தலைப்பு. பத்தி என்றால் சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போக வேண்டும். மழை என்று தொடங்கினால் மேகம், குடை, சேறு என்று சொந்தபந்தங்கள் பின்னால் வர வேண்டும். ‘ஆகவே’, ‘இருந்தபோதிலும்’ என்பவை நடுவில் நின்று கட்டிப்போட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் வாக்கியங்களோ பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஆட்களைப் போல ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் நிற்கும்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு; வித்தியாசத்தை ஆராய்வது என் வேலை. முதல் தேர்வில் ‘மறக்க முடியாத நாள்’ என்று தலைப்புக் கொடுத்துத் தொலைத்தேன். வகுப்பு மொத்தமும் ஊட்டிக்குச் சுற்றுலா போயிருந்தது. எல்லோரும் ஒரே ஏரியில் படகு விட்டு, ஒரே இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். பிளஸ் டூ கைடில் இருந்த கட்டுரை அது. என் ஆராய்ச்சி நெறியாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல உங்க பசங்க எழுதினது அவங்க பேர் மட்டும்தாம்மா” என்றார். தலைப்பை மாற்றித் திரும்ப எழுத வைத்தேன்.

பிறகு பயிற்சி. இணைப்புச் சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டு வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தினேன். பிள்ளைகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாளின் ஓரத்தில் முதலாவதாக, மேலும், இருந்தபோதிலும், அதன் விளைவாக, ஆகவே, முடிவாக என்று மேலிருந்து கீழே வரிசையாக எழுதிவிடுவார்கள். அதற்கப்புறம் எதிரே வாக்கியங்களை நிரப்புவார்கள். சட்டையை விட்டுவிட்டுப் பொத்தானை முதலில் தைக்கிற வேலை. திட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. மதிப்பெண் ஏறியது. சரிதான் போ என்று விட்டுவிட்டேன்.

அந்த வகுப்பில் மண்ணூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். விவசாயக் குடும்பம். அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். முதல் தேர்வில் கடைசி, பயிற்சியில் முதல் வரிசை. இவள் தேறிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது இருந்த ஒரே ஆசை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் தேர்வு நெருங்கும்போது அவள் வரவில்லை. கேட்டதற்கு, “அவங்கப்பா செத்துட்டாரு மேடம், ரோட்டுல” என்றார்கள் தோழிகள்.

காரியம் முடிந்த பிறகு மண்ணூருக்குப் போனேன். துக்கம் கேட்கத்தான் போனேன், அவளைத் திரும்பக் கூட்டிவரலாம் என்றும் போனேன். வாசலில் பந்தலைப் பிரித்த குழிகள் மூடாமல் இருந்தன. அவளுடைய அம்மா பாயை விரித்து, “குந்துங்க மேடம்” என்றார். அழவில்லை. “சொசைட்டில பால் ஊத்திட்டு வரேன்னு சைக்கிள எடுத்துக்கினு போனாரு. கம்பெனி பஸ்ஸு. இன்னா சொல்றது” என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு வருத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் இருப்பது போல இருந்தது.

“அடுத்த வாரம் காலேஜுக்கு வந்துடு, பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன்” என்றேன் அவளிடம்.

“ரெண்டாவது டெஸ்ட்டு நான் எழுதலையே மேடம்” என்றாள்.

“அது கெடக்குது, விடு.”

“இல்ல மேடம், எழுதிடறேன். நீங்க கஷ்டப்பட்டு நடத்துனீங்க.”

தலைப்பு, ‘எங்கள் ஊரில் ஏற்பட்ட மாற்றங்கள்’. என் பையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் ஓரத்தில் அந்தச் சொற்களை மேலிருந்து கீழே எழுதினாள். பிறகு எதிரே நிரப்பினாள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

முதலாவதாக, எங்கள் ஊர்ச் சாலையை அகலமாக்கினார்கள். மேலும், அதில் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கின. இருந்தபோதிலும், என் தந்தை சைக்கிளில்தான் பால் கொண்டு போனார். அதன் விளைவாக, அவர் இப்போது இல்லை. ஆகவே, நான் கம்பெனி வேலைக்குப் போகிறேன். முடிவாக, எங்கள் ஊர் வளர்ந்துவிட்டது.

“திங்கக்கெழம சேர்றேன் மேடம், வயர் கம்பெனில. தம்பி படிக்கணும்ல” என்றாள். பிறகு தாளைக் காட்டி, “எல்லாம் ஒட்டி வந்துருக்கா மேடம்?” என்றாள்.

“வந்துருக்கு” என்றேன்.

வேறென்ன சொல்ல? ஒரு தப்பும் இல்லை. சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அதனால் சொல்லாமலே எழுந்து வந்தேன். பஸ்ஸில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மறுநாள் அந்தத் தாளையும் மற்ற தாள்களோடு வைத்துத் திருத்தினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். கல்லூரியில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டி, மாணவர் தாள்களில் அந்த ஒன்றில் நின்றார். பெயர் போடாமல் மாணவி என்று மட்டும் குறித்திருந்தேன். மேலிருந்து கீழே விரல் வைத்து மெதுவாகப் படித்தார். முகத்தில் திருப்தி.

“எவ்வளவு தெளிவு பாருங்க. ஒரு வாக்கியம்கூடத் தனியா நிக்கல. இந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?”

“வேலைக்குப் போறாங்க சார். கம்பெனியில.”

அவர் நெறியாளர் பக்கம் திரும்பிச் சிரித்தார். “பாத்தீங்களா, படிப்பு முடியறதுக்குள்ளயே வேலை. இங்கிலீஷ் நல்லா வந்துட்டா இப்படித்தான்.”

அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.