ரெண்டாவது இலை

போர்ட் கிள்ளான்ல சுத்துலாக் கப்பல்லேருந்து எறங்குற ஆளோட மூஞ்சியப் பாத்தே மனசுல உள்ளதச் சொல்லிடுவேன். சும்மா சொன்னேன், பொய் லா. டாக்சி ஓட்டுற எனக்கு என் பொண்டாட்டி மூஞ்சியே புரியாது.

அன்னிக்கு சென்னை ஆன்டி ஒருத்தங்க தனியா ஏறுனாங்க. சாயங்காலம் கப்பல் கெளம்பிரும்.

"ட்வின் டவரா, பத்துமலையா ஆன்டி?"

"கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலை சாப்பாடு. அது போதும் தம்பி."

"ஏன், கப்பல்ல சோறு போடலையா?"ன்னு நக்கலடிச்சேன். அவங்க சிரிக்கல.

கடையில "ரெண்டு இலை"ன்னாங்க. ஒண்ணு எனக்குன்னு நெனச்சு எதிர்ல உக்காந்துட்டேன். நண்டு வரைக்கும் கேட்டு வாங்கித் தின்னேன். அவங்க தன் இலையத் தொடாம என்னையே பாத்துட்டு இருந்தாங்க.

"சாப்பிடலையா ஆன்டி?"

"அந்த இலை எங்க வீட்டுக்காரருக்கு. இங்க வந்து சாப்பிடணும்னு அவருதான் ரெண்டு டிக்கெட் போட்டாரு. தவறி ஆறு மாசம் ஆச்சு."

வாயில சோறு அப்படியே நின்னுருச்சு. எந்திரிச்சேன்.

"உக்காருங்க. படையலுக்குக் காக்கா வரும்னு பாத்தேன். நீங்க வந்தீங்க. பாதியில எந்திரிக்காதீங்க தம்பி."

சாப்பிட்டு முடிச்சேன். அழுகையும் வரல, ருசியும் தெரியல. கை மட்டும் வாய்க்குப் போய்ட்டு வந்துச்சு. திரும்ப போர்ட்டுல கொண்டு விட்டேன். எறங்குறப்பதான் ஆன்டி லேசா சிரிச்சாங்க.

"அவருக்கு நண்டே ஆகாது தம்பி."

இப்பல்லாம் எங்க இலை போட்டாலும் இது யாருக்குன்னு கேட்டுட்டுதான் உக்காருறேன். அதுக்கப்புறம் என்னாச்சுன்னா...

"அண்ணே, கப்பல் வந்துருச்சு, வாங்க லா!"ன்னு பக்கத்து டாக்சிக்காரன் கத்துறான்.

இருங்க, கூப்பிடுறாங்க. மிச்சத்த வந்து சொல்றேன்.