நான் இல்லாமல் ஓட வேண்டிய பில்டு ஃபைல்

இமேஜ் கட்டும் வேலையில் இருப்பவனுக்கு லீவு உண்டு. போன் வராத லீவுதான் கிடையாது. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். மயிலாப்பூரில் மாடியில் சின்ன ஆபீஸ். மென்பொருளை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே பொட்டலமாக்கினால் அது இமேஜ். எந்தக் கடைக்கு எப்படிக் கட்டுவது என்று எழுதி வைக்கும் கோப்பு பில்டு ஃபைல்.

போய்ட்டு வாங்க

என் மனைவி சரோஜாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில், காலை நேரம். ஆபீசிலிருந்து போன் வந்தது. தி. நகர் கடைக்குப் புதுப் பதிப்பு போக வேண்டும். கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தயங்கினேன். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சரோஜாதான் கிளப்பி அனுப்பினாள். நான் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

"போய்ட்டு வாங்க. அந்த ஃபைலுக்கு உங்களை விட்டா நாதியில்ல. எனக்கு நர்ஸ் இருக்காங்க."

எண் ஒரே இடத்தில்

காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போன அன்று ஒன்றை முடிவு செய்தேன். இந்தக் கோப்புக்காக இனி யாரும் எங்கிருந்தும் எழுந்து வரக் கூடாது, நான் உட்பட. அதுவரை பதிப்பு எண்ணை ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். ஒன்றை மாற்ற மறந்தால் அந்தக் கடைக்குப் பழைய சரக்கு போகும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மேலே ஒரே ஒரு வேரியபிள், அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர், வைத்தேன். எண்ணை அங்கே மாற்றினால் போதும், கீழே எல்லாக் கடைகளும் அதையே எடுத்துக்கொள்ளும். முதலாளி சேகர் என்னைவிட வயதில் சின்னவர். திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இப்படியே போனா உங்களுக்கு இங்க இன்னா வேலை?"

பெயரைத் திருத்தும் ஃபங்ஷன்

கடைக்காரர்கள் கடைப் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், நடுவில் இடம் விட்டுத்தான் கொடுப்பார்கள். இமேஜுக்கு வைக்கும் பெயரில் இரண்டுமே ஆகாது. ஒவ்வொன்றையும் நான் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். காலேஜில் படித்த வித்தை எதுவும் என்னிடம் இல்லை. கே.கே. நகர் வீட்டில் உட்கார்ந்து கையேட்டைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் சின்ன எழுத்தாக்கி, இடைவெளியில் கோடு போட்டுத் தரும். நான்கே வரி. அது முதல்முறை ஓடியபோது எழுந்துபோய் எனக்கு நானே ஒரு காபி போட்டுக்கொண்டேன். கடை கடையாகப் போய் மென்பொருளை ஏற்றிவிட்டு வருபவர் மணி. ஒரு வாரம் கழித்து என் மேஜை ஓரம் வந்து நின்றார்.

"இன்னா நைனா, பேரு தப்பா கீதுன்னு ஒரு கடைலேர்ந்தும் போன் வர்ல. ஃபைலுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?"

பில்லில் வந்த பெண்

கோப்பை திவ்யாவிடம் ஒப்படைத்தேன். சேர்ந்து சில மாதங்களே ஆன பெண், கெட்டிக்காரி. பில்லின் அடியில் 'கவுண்டர்' என்று அச்சாவதற்கு அவள் ஒரு வேரியபிள் சேர்த்து, அதற்கு யூசர் என்று பெயர் வைத்தாள். இதை நீங்களும் செய்திருப்பீர்கள். கோப்பில் நாம் எழுதும் மதிப்பு ஒரு மாற்று ஏற்பாடுதான். கம்ப்யூட்டரில் அதே பெயரில் வேறு மதிப்பு இருந்தால் பில்டு அதைத்தான் எடுத்துக்கொள்ளும். யூசர் என்ற பெயரில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெயரை வைத்திருக்கிறது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெயரோடு மோதாதபடி, எங்கள் வேரியபிள் எல்லாமே 'கடை' என்றுதான் தொடங்கும். தி. நகர் கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். போனில் அவர் கோபப்படவில்லை, விசாரித்தார்.

"பில்லுல திவ்யான்னு அடிக்குதே சார். எங்க கடையில அப்படி ஒரு பிள்ளையே கெடையாது. மாசாமாசம் சம்பளம் நான்லா குடுக்கணும்?"

திவசத்தன்று

சரோஜாவின் முதல் வருஷத் திவசம் வந்தது. அதே நாளில் அந்தத் தி. நகர் முதலாளி அடையாறில் கிளை திறக்கிறார். புதுக் கடை, புதுப் பெயர், காலையிலேயே இமேஜ் போக வேண்டும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டேன். காக்கைக்குச் சோறு வைத்தேன். வந்த உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் போனார்கள். போன் அடிக்கவில்லை. சாயங்காலம் பொறுக்க முடியாமல் நானே மணியைக் கூப்பிட்டேன். கடை திறந்து, பில் சரியாக ஓடுகிறது, தனக்குப் பாயசம்கூடக் கொடுத்தார்கள் என்றார். மறுநாள் திவ்யாவிடம், எங்காவது சிக்கியிருந்தால் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூப்பிடணும்னு தோணவே இல்ல சார். பேரைக் குடுத்தேன், ஓடிடுச்சு."

இன்று எங்கள் ஆபீசில் அந்தக் கோப்பை ஓட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர், அவர்களில் நான்தான் கொஞ்சம் மெதுவானவன்.